காணி வைத்திருந்தவர்களின் தேசபக்தி

முதல் உலகப் போரையும் அயர்லாந்தின் கிராமங்களையும் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. பிரிட்டிஷ் சீருடை அணிந்த ஐரிஷ்காரன் ஒவ்வொருவனும் ஒரு ஷில்லிங்குக்கு விலைபோன கூலிப்படையாள் என்று தொடங்கி, அவன் மனைவி அரசுப் பணத்தில் குடித்துக் கூத்தடித்தவள் என்று வளர்ந்து, அந்தக் குடும்பங்களை அவர்கள் நாடு மறந்துபோனது நியாயமே என்று முடிகிறது அது. எழுதியவர் தன்னை ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் என்கிறார். ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதில் அவருக்கும் எனக்கும் வழக்கில்லை. அதன் பீரங்கிக்கு இரையானவனை, இரையான குற்றத்துக்காகவே இன்னொரு முறை காறித் துப்புவதற்கு எதிர்ப்பு என்று பெயர் சூட்டலாமா என்பதில்தான் வழக்கு.

கட்டுரை நெடுகிலும் ‘ஐரிஷ் கிராமம்’ பேசுகிறது. கிராமம் நினைத்தது, கிராமம் லாபம் பார்த்தது, கிராமம் வெறுத்தது, கிராமம் மறந்தது. ஒரே வயிறும் ஒரே வாயும் உள்ள ஊர் உலகத்தில் எங்கே இருந்தது? நூறு ஏக்கரில் மாடு கொழுக்கவைத்து லிவர்பூலுக்குக் கப்பலேற்றிய குடும்பம் ஒன்று. அந்தக் காட்டிலேயே வாரக் கூலிக்கு உழைத்து, கவுன்சில் கட்டிக்கொடுத்த கூலியாள் வீட்டில், அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ உருளைக்கிழங்குக் கொல்லையை நம்பிப் பிழைத்த குடும்பம் இன்னொன்று. இரண்டும் ஒரே தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட்டன என்பதற்காக, போர் இரண்டையும் ஒரே மாதிரி தொட்டிருக்குமா? இந்தப் பிரிவினையைப் பார்க்க மறுத்த இடத்தில்தான் கட்டுரையாளரின் பிழைகள் எல்லாம் பிறக்கின்றன. தெரியாமல் மறுத்தாரா, தெரிந்தே மறுத்தாரா என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அவருடைய எண். 49,400 ஐரிஷ்காரர்கள் மன்னனுக்காக மாண்டார்கள் என்று தொடக்கத்திலேயே முழங்குகிறார். அந்த எண் 1923இல் எட்டுத் தொகுதிகளாக அச்சான அயர்லாந்து நினைவேட்டிலிருந்து வருவது. ஐரிஷ் ரெஜிமென்டுகளில் சேர்ந்து இறந்த ஆங்கிலேயர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் அதில் அடக்கம். இறந்த ஐரிஷ்காரர்களை 27,000க்கும் 35,000க்கும் இடையில்தான் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பிணங்களை எண்ணுவதிலேயே இவ்வளவு அலட்சியம் காட்டுகிறவர், அந்தப் பிணங்களின் மனசாட்சியை மட்டும் துல்லியமாக அளந்துவிட்டதாகச் சொல்வதை எந்த வாசகர் நம்புவார்?

இனி ஷில்லிங். சாதாரணச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம். போருக்கு முன் பல மாவட்டங்களில் விவசாயக் கூலிக்கு வாரத்துக்குப் பத்து பதினொரு ஷில்லிங்தான் கிடைத்தது. போருக்குப் போனவன் மனைவிக்கோ, பிள்ளை இல்லாவிட்டாலும், வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் பிரிவுப்படி. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பார்த்தீர்களா, பணம்தான் என்று வழக்கை மூடிவிட்டார். அந்தப் பன்னிரண்டரை ஷில்லிங்கில் மூன்றரை ஷில்லிங் சிப்பாயின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது, அதாவது அவன் வாரச் சம்பளத்தில் சரிபாதி, என்பதை அவர் சொல்லவில்லை. போகட்டும். வறுமைதான் ஆளைத் தள்ளியது என்றால், அயர்லாந்திலேயே ஏழ்மை மிகுந்த மேற்கு மாகாணம் கொனாட்தானே ஆள் அனுப்புவதில் முந்தியிருக்க வேண்டும்? அதுதான் எல்லாவற்றிலும் பிந்தியது. பாறைக்காட்டில் கடல்பாசியை எருவாகப் போட்டு உருளைக்கிழங்கு விளைவித்த மேயோவும் கெர்ரியும் டொனகாலும் தயங்கி நிற்க, நல்ல கூலி வாங்கிய பெல்பாஸ்ட் கப்பல் பட்டறைத் தொழிலாளி வரிசையில் நின்றானே, அவனை எந்த ஷில்லிங் இழுத்தது? 1914இன் கடைசி ஐந்து மாதங்களில் மட்டும் சுமார் 44,000 பேர் சேர்ந்தார்கள். 1916இன் பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்துச் சுமார் 19,000தான். ஷில்லிங்கின் வசீகரம் ஒன்றே காரணம் என்றால் அது இரண்டே ஆண்டுகளில் எங்கே போய் ஒளிந்தது?

டேவிட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற வரலாற்றாசிரியர் இந்த எண்களோடு நெடுநாள் மல்லுக்கட்டி, பொருளாதாரம் மட்டும் இதை விளக்காது, யாரோடு ஒருவன் சங்கத்திலும் விளையாட்டிலும் தொண்டர் அணியிலும் தோளோடு தோள் நின்றானோ அவர்கள் போனால் அவனும் போனான், அவர்கள் நின்றால் அவனும் நின்றான் என்ற முடிவுக்கு வந்து பல ஆண்டுகளாகிறது. கட்டுரையாளர் இதைப் படிக்கவில்லை என்றால் இந்தப் பொருளில் எழுத வந்திருக்கக் கூடாது. படித்துவிட்டு மறைத்திருந்தால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்.

ஸ்லேன் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் ஒருவரே இந்தக் கூலிப்படைத் தத்துவத்தை இடுப்பொடிக்கப் போதும். மீத் மாவட்டத்தின் பிரான்சிஸ் லெட்விட்ஜ். கட்டுரையாளர் அவரைப் பெயர் சொல்லி, வயிற்றுப்பாட்டுக்காகச் சீருடை அணிந்த கவிஞர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். லெட்விட்ஜ் பிறந்தது 1887இல், கவுன்சில் கட்டிய கூலியாள் வீட்டில் வளர்ந்த குடும்பத்தில். தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, தாய் மற்றவர்கள் வயலில் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினாள். பண்ணை வேலை, சாலை வேலை, பிறகு தாமிரச் சுரங்கம். சுரங்கத்தின் மோசமான நிலைமையை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்தியதற்காக வெளியே தள்ளப்பட்டார். 1914இல் நாவன் ஊரக மாவட்டக் கவுன்சிலில், பிரிட்டனின் போருக்கு ஐரிஷ் இளைஞர்களை அனுப்பச் சொன்ன ஜான் ரெட்மண்டின் வழியை எதிர்த்து நின்றவர் அவர். ஜெர்மன் கைக்கூலி என்று உடன் இருந்தவர்களே ஏசினார்கள். சில நாட்களிலேயே, அக்டோபர் 24 அன்று, ராயல் இனிஸ்கில்லிங் பியூசிலியர்ஸில் சேர்ந்தார். நான் வீட்டில் உட்கார்ந்து தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க வேறொருவன் எனக்காகச் சாவதா என்பதுதான் அவர் தந்த விளக்கத்தின் சாரம். அவர் கவிதைகளை உலகுக்கு அறிமுகப்படுத்திய டன்சேனி பிரபு, நீ போக வேண்டாம், போகாமல் இருந்தால் நான் பணம் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். போகாமலிருக்கப் பணம்! கூலிப்படையாள் என்பவன் அதை வாங்கிக்கொண்டல்லவா வீட்டில் இருந்திருப்பான்? லெட்விட்ஜ் கல்லிப்போலிக்குப் போனார், செர்பியாவின் பனிக்குப் போனார், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சிக்காகத் தன் நண்பர் தாமஸ் மக்டோனா சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு மனமொடிந்து இரங்கல் பாடினார், விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்று பதவிப்பட்டை இழந்தார். கடைசியில் 1917 ஜூலை 31 அன்று, ஈப்ர நகருக்கு அருகில், படை முன்னேறுவதற்காகச் சேற்றில் சாலை போடும் வேலையில் இருந்தபோது, தேநீர் அருந்திய இடைவேளையில் விழுந்த குண்டுக்குப் பலியானார். ஊரில் சாலை போட்டவர், அங்கேயும் சாலை போட்டுச் செத்தார். இந்த வாழ்க்கையைக் ‘கூலி’ என்ற ஒரு சொல்லில் அடைக்கும் துணிவு, அதில் ஒரு நாளைக்கூட வாழ்ந்து பார்க்காதவர்களுக்குத்தான் வரும்.

அடுத்த பக்கத்திலேயே கட்டுரையாளர் வேறொரு பாட்டுக்குத் தாளம் போடுகிறார். சுயாட்சிச் சட்டம் 1914 செப்டம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்று, அதே மூச்சில் போர் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து விக்லோ மாவட்டத்து வுடன்பிரிட்ஜில் ரெட்மண்ட் பேசிய பேச்சை நம்பி ஏமாந்து போனார்கள் இந்தக் கிராமத்து அப்பாவிகள் என்கிறார். விலை பேசி விற்றுக்கொண்டவனா, வாக்குறுதியை நம்பி ஏமாந்தவனா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். பணத்துக்காக மட்டுமே போனவனுக்குச் சுயாட்சி கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, அவனை எப்படி ஏமாற்ற முடியும்? ஏமாந்தவன் என்றால் அவன் நெஞ்சில் நாடு இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். இவற்றில் ஒன்று உண்மையானாலும் அவர் தீர்ப்பு செத்துப்போகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில், வீட்டுக்கு வீடு வெவ்வேறு அளவில் கலந்து கிடக்கிறது: அடுப்பெரிய வேண்டும் என்ற கவலை, கூட்டாளிகள் போய்விட்டார்களே என்ற வெட்கம், சின்ன பெல்ஜியத்தைப் பெரியவன் மிதித்த கோபம், திரும்பி வரும்போது சுயராஜ்யம் இருக்கும் என்ற நம்பிக்கை. வெறும் சோற்றுக்குத்தான் போனான் என்றே வைத்துக்கொள்வோம். கர்ணனின் செஞ்சோற்றுக்கடனுக்கு ஆயிரம் ஆண்டாக உருகும் மொழியில் எழுதுகிறவருக்கு, பிள்ளைகளின் சோற்றுக்காக உயிரைப் பணயம் வைத்த அப்பன் ஏன் இவ்வளவு கேவலமாகத் தெரிகிறான்?

போரால் கிராமம் கொழித்தது என்பது அடுத்த குற்றச்சாட்டு. கொழித்தது, உண்மை. யார் கொழித்தார்கள் என்று கேட்கத்தான் அவருக்கு நா எழவில்லை. மாட்டு விலை, ஓட்ஸ் விலை, வெண்ணெய் விலை, முட்டை விலை எல்லாம் இரட்டிப்பாகவும் அதற்கு மேலும் ஏறின. விற்க மாடும் ஓட்ஸும் வைத்திருந்தவன் பெட்டியை நிரப்பினான், பழைய கடனை அடைத்தான், கிழட்டுப் பக்கத்து வீட்டுக்காரனின் நிலத்தின் மேல் கண் வைத்தான். ரொட்டியும் தேயிலையும் சர்க்கரையும் கடையில் காசு கொடுத்து வாங்கிய கூலிக் குடும்பத்துக்கு அதே விலையேற்றம் அரை வயிறாக வந்தது. காணியுள்ள வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருவதே இல்லை என்று ஆள்சேர்ப்பு அதிகாரிகளும் போலீஸ் அறிக்கைகளும் போர் முடியும்வரை புலம்பிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் டிராலி, கிளான்மெல், நாஸ், பிர் போன்ற படைமுகாம் ஊர்களின் சந்துகளிலிருந்தும், கவுன்சில் வீடுகளிலிருந்தும், நிலமற்றவர் குடிசைகளிலிருந்தும் வந்தார்கள். லாபம் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம், சாவு அந்தப் பக்கம். இரண்டையும் கூட்டி ‘கிராமம்’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டு, செத்தவன் வீட்டையும் லாபக்காரர் பட்டியலில் சேர்ப்பது என்ன நேர்மை?

அந்த வீட்டுக்குச் சாவு எப்படி வந்தது என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். அதிகாரி இறந்தால் குடும்பத்துக்குத் தந்தி போகும். சாதாரணச் சிப்பாய் இறந்தால் தந்தி கிடையாது. பி 104-82 என்று எண்ணிட்ட அச்சுப் படிவம் ஒன்று, பெயருக்கும் படை எண்ணுக்கும் இடத்துக்கும் தேதிக்கும் காலியிடம் விட்டு முன்கூட்டியே கட்டுக்கட்டாக அடித்து வைத்தது, எழுத்தர் ஒருவர் கையால் நிரப்ப, மற்ற தபால்களோடு தபாலாக வந்து சேரும். படிக்கத் தெரியாத தாய் அதை எடுத்துக்கொண்டு பாதிரியார் வீட்டுக்கோ பள்ளி ஆசிரியர் வீட்டுக்கோ நடக்க வேண்டும். அந்த நாளிலிருந்து இருபத்தாறு வாரம் பிரிவுப்படி தொடரும். அதற்குப் பிறகு, பிரிவுப்படியை விடக் குறைந்த விதவை ஓய்வூதியம். மணமாகாத மகனைப் பறிகொடுத்த தாய், அவன் சம்பாத்தியத்தில் தான் உண்மையிலேயே பிழைத்ததாக நிரூபித்தால்தான் அவளுக்கு ஏதாவது உண்டு. போர் முடிந்து ஓரிரு ஆண்டு கழித்து உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெண்கல வட்டு ஒன்று வரும், மகன் பெயர் பொறித்து. இங்கிலாந்தில் பலர் அதைச் சுவரில் மாட்டினார்கள். 1920இன் மன்ஸ்டரில் மாட்டினால் யார் கண்ணில் படும் என்று யோசிக்க வேண்டியிருந்தது, துணியில் சுற்றி இழுப்பறைக்குள் போய்விட்டது. போரால் கொழித்த கிராமத்தின் சொத்துப் பட்டியலில் கட்டுரையாளர் இந்த வெண்கலத்தையும் சேர்த்துக்கொண்டாரா?

மனைவிகளைப் பற்றி அவர் எழுதியிருப்பது கட்டுரையின் மிகக் கீழ்த்தரமான பகுதி. 1916 ஈஸ்டர் எழுச்சியில் சரணடைந்தவர்கள் மேல் டப்ளின் தெருவில் வசைமாரி பொழிந்த சிப்பாய் மனைவிகளை எடுத்துக்கொண்டு, அதை அப்படியே கிளேருக்கும் கெர்ரிக்கும் நீட்டி, படிப்பணத்தில் போதையேறிய துரோகிக் கும்பல் என்று ஒட்டுமொத்தப் பெண்களுக்கும் முத்திரை குத்துகிறார். அந்த வாரத்தின் நாட்காட்டியைக்கூட அவர் புரட்டிப் பார்க்கவில்லை. எழுச்சி தொடங்கியது ஏப்ரல் 24, திங்கட்கிழமை. மறுநாள், கல்லிப்போலியின் வி கடற்கரையில் டப்ளின் பியூசிலியர்ஸும் மன்ஸ்டர் பியூசிலியர்ஸும் படகிலும் கப்பல் பாலத்திலும் வைத்தே கொத்துக்கொத்தாகச் சுடப்பட்ட நாளின் முதலாண்டுத் திதி. எழுச்சி தொடங்கி மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 27 முதல் 29 வரை, பிரான்சின் ஹுலுக்கில் 16வது ஐரிஷ் டிவிஷன் மேல் ஜெர்மானியர் நச்சுவாயு விட்டார்கள். அந்தத் தாக்குதலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டப்ளினில் எழுச்சித் தலைவர்கள் சரணடைந்த அதே 29! கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத பெண், அவனுக்கு எதிரியான ஜெர்மனியை மனத்தில் வைத்து ஐரோப்பியத் தோழர்கள் என்று பிரகடனத்தில் எழுதியவர்களைத் தெருவில் கண்டால் பூத்தூவ வேண்டுமா? எழுச்சி சரியா தவறா என்பது வேறு விவாதம். எழுச்சியாளர்களின் துணிவை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்ணின் ஆவேசத்துக்குச் சாராயத்தைத் தவிர வேறு காரணமே கண்ணில் படாதவரின் பார்வையைத்தான் மதிக்க முடியவில்லை.

அந்தப் படிப்பணத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. சிப்பாய் மனைவியின் நடத்தையைப் போலீஸ் கவனித்து, தகுதியற்றவள் என்று கண்டால் படியை நிறுத்தலாம் என்று போரின் முதல் சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் அரசு ஏற்பாடு செய்துவிட்டது. வேறெந்த ஊதியக்காரியின் சமையலறையும் இப்படிக் காவலுக்கு உட்பட்டதில்லை. பேரரசு அவளை நம்பவில்லை, தேசியவாதியும் நம்பவில்லை, நூறாண்டு கழித்து நம் கட்டுரையாளர் அந்தக் காவல்காரன் விட்ட இடத்திலிருந்து வேவு பார்ப்பதைத் தொடர்கிறார். போதாக்குறைக்குப் புறநானூற்று மூதின்மகளிரைக் கூட்டிவந்து இந்தத் தாய்மாரை அவமதிக்கிறார். அதே புறநானூற்றில் கையறுநிலை என்றும் ஒரு துறை உண்டு, ஐயா. இழந்தவர்களின் அழுகைக்கும் அங்கே இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

தமிழ் வாசகரைக் கிளறிவிட அவர் வைத்திருக்கும் பெரிய வெடி, நீல். டப்ளின் பியூசிலியர்ஸ் யார் தெரியுமா, 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் மரத்துக்கு மரம் மனிதர்களைத் தொங்கவிட்ட நீலின் மதராஸ் பியூசிலியர்ஸ்தான் என்கிறார். உண்மைதான். கம்பெனியின் மதராஸ் வெள்ளைப் பட்டாளமும் பம்பாய் வெள்ளைப் பட்டாளமும் 1881இல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்ற பெயரில் ஒன்றாயின. அந்தப் பட்டாளங்களில் ஐரிஷ்காரர்கள் ஏராளம் இருந்ததும் உண்மை. நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்ற 1927இல் சத்தியாகிரகம் இருந்து சிறை சென்றவர்களையும், 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியதையும் நானும் பெருமையோடுதான் நினைக்கிறேன். கட்டுரையாளர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: அந்த ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் 1914 ஆகஸ்டில் நம் சென்னையில்தான் முகாமிட்டிருந்தது. இங்கிருந்து கப்பலேறிப் போன அவர்கள்தான் அடுத்த ஏப்ரலில் வி கடற்கரையில் இறங்கியவர்கள். மிஞ்சியவர்கள் எண்ணிக்கை ஒரு பட்டாலியனுக்கே போதாமல், மன்ஸ்டர்காரர்களில் எஞ்சியவர்களோடு சேர்த்து ஒட்டுப்போட்டு, ‘டப்ஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்துச் சண்டைக்கு அனுப்பினார்கள். ஐம்பத்தேழு ஆண்டுக்கு முன் நீல் செய்த பாவத்துக்கு, 1914இல் நாஸ் முகாமில் கையெழுத்திட்ட கூலிக்காரன் மகன் எந்தச் சட்டப்படி பொறுப்பு? ரெஜிமென்டின் பெயர் வழியாகப் பாவம் வாரிசுரிமையாக இறங்கும் என்றால், கம்பெனியின் மதராஸ் பட்டாளத்தில் சம்பளம் வாங்கித் தென்னாட்டுப் பாளையங்களையே அடக்கிய சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போவது? அதே உலகப் போருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல்கடந்து போனார்களே, மெசபடோமியாவில் பாலம் கட்டிய மதராஸ் சாப்பர்களும் போனார்களே, அவர்கள் வீடுகளிலும் போய்க் கூலிப்படை என்று கதவில் எழுதிவைப்பாரா?

கடைசியாக, மறதி நியாயமானது என்ற வாதம். இதற்கு அவர் தரும் சான்று கிழக்கு கிளேர். அந்தத் தொகுதியின் உறுப்பினர் வில்லி ரெட்மண்ட், ஐம்பத்து மூன்று வயதில் படைக்குப் போய் 1917 ஜூன் 7 அன்று மெசின்ஸில் இறந்தார். அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் எழுச்சியில் பங்கேற்ற டி வலேரா 5,010 வாக்குக்கு 2,035 என்று வென்றார். ஆக, கிராமமே சிப்பாயைக் குப்பையில் போட்டுவிட்டது என்கிறார். அந்தத் தேர்தலில் சிப்பாயின் மனைவிக்கும் தாய்க்கும் வாக்கே கிடையாது, பெண்கள் யாருக்குமே கிடையாது. கட்டாயச் சேவை எந்த நேரமும் வரலாம் என்ற பீதியும் சுட்டுக் கொல்லப்பட்ட எழுச்சித் தலைவர்களின் நினைவும் அந்த வாக்குகளை நிறைத்தன. லண்டனுக்கு எதிராக விழுந்த வாக்கை, பிளாண்டர்ஸ் சேற்றில் புதைந்தவனுக்கு எதிரான வாக்காக மொழிபெயர்ப்பது கட்டுரையாளரின் சொந்தக் கைங்கரியம்.

1918 ஏப்ரலில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தபோது அயர்லாந்து முழுதும் கொதித்தெழுந்ததை மெய்சிலிர்த்து வர்ணிக்கிறார். நானும் சிலிர்க்கிறேன், தேவாலய வாசல்களில் உறுதிமொழிக் கையெழுத்தும் ஏப்ரல் 23இன் பொது வேலைநிறுத்தமும் ஒரு பேரரசைப் பின்வாங்க வைத்த மகத்தான காரியங்கள். ஆனால் காணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தொண்டர் படையில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது போர் தங்கள் வாசலைத் தட்டிய அந்த மாதங்களில்தான், ஆபத்து நீங்கியதும் அந்தக் கூட்டம் கரைந்தும் போனது. நான்காண்டாகக் கூலிக்காரன் மகன் மட்டும் செத்துக்கொண்டிருந்தபோது கொதிக்காத ரத்தம் அது.

அவர் வாதத்தை அவரே தூக்கில் போடும் இடமும் இருக்கிறது. மேற்குக் கார்க்கின் டாம் பாரியை, பிரிட்டிஷாருக்கு எதிரான கில்மைக்கேல் தாக்குதலின் நாயகனை, ஒரு பக்கம் முழுக்கப் புகழ்கிறார். பாரிக்குத் துப்பாக்கி பிடிக்க எங்கே கற்றுக்கொடுத்தார்கள்? 1915இல் தானாக முன்வந்து பிரிட்டிஷ் பீரங்கிப்படையில் சேர்ந்து, மெசபடோமியாவில் இருந்தபோது டப்ளின் எழுச்சியைக் கேள்விப்பட்டவர் அவர். விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் கடைசிப் பயணத்தில் பக்கத்தில் இருந்த எம்மெட் டால்டன் டப்ளின் பியூசிலியர்ஸ் அதிகாரி, சோம் போர்க்களத்தில் பதக்கம் பெற்றவர். 1920 ஜூன் 28 அன்று ஜலந்தர் முகாமில், எங்கள் ஊரில் உங்கள் ஆட்கள் செய்யும் அட்டூழியம் நிற்கும்வரை உங்களுக்காக ஆயுதம் தூக்க மாட்டோம் என்று துப்பாக்கியைக் கீழே வைத்த கொனாட் ரேஞ்சர்ஸை வீரர்கள் என்று கொண்டாடுகிறார். அவர்களில் ஒருவரான ஜோ ஹாஸ், விடுப்பில் கிளேருக்குப் போயிருந்தபோது ஹர்லிங் விளையாட்டைக்கூடத் துப்பாக்கிமுனையில் தடுத்ததைக் கண்டுவிட்டுத் திரும்பியவர். அந்தக் கலகத்தில் சேர்ந்த வெஸ்ட்மீத்தின் ஜேம்ஸ் டேலியை நவம்பர் 2 அன்று டக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் பட்டாளத்தில் போர்க்களம் கண்டு மீண்டவர்கள் பலர் இருந்தார்கள். கலகத்துக்கு முந்தின நாள்வரை கூலிப்படை, மறுநாள் காலையில் வீரனா? ஒரே நெஞ்சுக்குள் இரண்டும் இருக்க முடியும் என்று டேலிக்காக ஒப்புக்கொள்கிறவர், கல்லிப்போலியில் செத்த ரேஞ்சருக்கு மட்டும் ஏன் மறுக்கிறார்? அவன் மனம் மாற அவகாசம் தராமல் குண்டு முந்திக்கொண்டதுதான் அவன் குற்றமா?

மறதி தானாக நடந்தது என்பதும் பொய். 1924 நவம்பர் 11 அன்று டப்ளின் காலேஜ் கிரீன் சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு நின்றார்கள், தந்தை சாம்ராஜ்யவாதி என்பதால் அல்ல, பிள்ளை செத்தான் என்பதால். 1927இல் மெரியன் சதுக்கத்தில் நினைவிடம் வேண்டாம் என்று பேசிய அமைச்சர் கெவின் ஓ’ஹிக்கின்ஸே அந்தப் போரில் சகோதரனைப் பறிகொடுத்தவர். இறந்தவர்களை அவர் பழிக்கவில்லை, இந்த அரசு அவர்கள் தியாகத்தின் மேல் எழுந்ததல்ல, அரசு மன்றத்தின் எதிரில் அதை வைத்தால் அப்படி ஒரு பொருள் வந்துவிடும் என்றார். அதில் வாதிக்க இடமுண்டு, வெறுப்புக்கு இடமில்லை. பிறகு லிஃபி நதிக்கரையில் ஐலண்ட்பிரிட்ஜில் லட்யன்ஸ் வரைந்த தோட்டம் 1930களில் எழுந்தது. வேலையாட்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ் படையின் பழைய சிப்பாய்கள், மறுபாதி ஐரிஷ் படையின் பழைய சிப்பாய்கள். எதிரெதிர்ச் சீருடை அணிந்திருந்தவர்கள் சேர்ந்து கல் சுமந்து கட்டிய அந்த இடம், குப்பைமேடாகும்வரை கைவிடப்பட்டு, முறைப்படி திறக்கப்பட்டது 1988இல். அதற்குள் அந்தக் கல் எதற்காக என்று சொல்ல வேண்டிய தாய்மார்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1920-21இல் ஒற்றன் என்ற சந்தேகத்தில் இரவில் கதவு தட்டி இழுத்துச் செல்லப்பட்டுச் சுடப்பட்டவர்களில் பலர் வேலையற்றுத் திரிந்த முன்னாள் சிப்பாய்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்ல நிலபுலமோ உறவுப்பலமோ இருக்கவில்லை. இவ்வளவு அடக்குமுறையையும் அச்சத்தையும் தாண்டித்தான் ஒரு குடும்பம் மகன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இதை இயல்பான மறதி என்று எழுத எப்படிக் கை வந்தது?

தெரிந்தே மறுத்தாரா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். தெரிந்தேதான் என்று கருதுகிறேன். கிராமத்தை இரண்டாகப் பிளந்து பார்த்தால், விடுதலைக்குப் பின் ஊர்க் கவுன்சிலிலும் கட்சிக் கிளையிலும் வங்கி முகப்பிலும் அமர்ந்த காணிக்காரர் வர்க்கத்தின் போர்க்கால லாபக் கணக்கைத் திறக்க வேண்டிவரும். அவர்கள் கட்டிய தேசபக்தி மேடையில் விரிசல் விழும். அதைத் திறக்காமலிருக்க, கூலிக்காரனைத் துரோகியாக்குவது வசதி. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற துணிவு. கட்டுரையாளர் பதில் எழுதுவார், எழுதட்டும். எழுதும்போது ஷில்லிங்குக்கு விலைபோனவன் யார் என்பதை விட்டுவிட்டு, ஒரு மகனையும் அனுப்பாமல் நான்காண்டு ஏறிய விலையில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே மாட்டிறைச்சியும் ஓட்ஸும் விற்றவன் யார், அவனைப் பற்றித் தன் நீண்ட கட்டுரையில் ஒரு வரிகூட ஏன் இல்லை என்பதை முதலில் விளக்கட்டும்.